எந்திர உடலும் இரவல் மனமும்

ஜெய்பீம்.

இன்று காணும் பொங்கல். எல்லோரும் உறவு பார்க்கப் போகிற நாளில் நாம் இரண்டு பேரை நினைத்துக் கூடியிருக்கிறோம். 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவை இழந்தோம். அதே நாளில் புதுச்சேரியில் பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் காலமானார். ரோகித், கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வர ஆசைப்பட்டவர். குணசேகரன் பாட்டும் கூத்துமாக மேடையேறியவர். 'பலி ஆடுகள்' நாடகத்தையும் 'வடு' என்ற தன்வரலாற்றையும் தந்தவர். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலை கற்பித்தவர். ஒருவரை அறிவின் பக்கமும் மற்றவரை உடலின் பக்கமும் நிறுத்திப் பார்ப்பது எளிது. அப்படிப் பிரித்து நிறுத்துகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். நம் உடல் ஓர் எந்திரம், நம் மனம் செயற்கையாகச் செய்யப்பட்டது என்று கற்பனை செய்தால், அந்த உடல் எப்படி இயங்கும்? அந்த மனம் எப்படி யோசிக்கும்? பக்கத்துத் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே இது பாடம். இங்கே வயல்வரப்பில் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. அறுவடை மிஷின் வந்தபின் நம் கைக்கு என்ன வேலை? சாக்கடைக்குள் எந்திரம் இறங்கினால் நம் ஆள் இறங்க வேண்டாமா? கைபேசியில் கேட்டால் பதில் சொல்லும் செயலி நம்மைப் பற்றி என்ன கற்று வைத்திருக்கிறது? இந்தக் கேள்விகளுக்குள் போவதற்கு அந்தக் கற்பனை ஒரு வழி.

ரோபோ என்றால் ஆள்

'ரோபோ' என்ற சொல் ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை. நாடக மேடைக்காகப் பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில்தான் அது முதலில் வருகிறது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப். செக் மொழியில் 'ரொபோத்தா' என்றால் நிலவுடைமையாளருக்குக் குடிகள் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு. நம் பக்கத்தில் அதற்கு வெட்டி வேலை என்று பெயர். ஆக, ரோபோ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல் தேடினால் 'எந்திரன்' வரை போக வேண்டியதில்லை. 'பண்ணையாள்' போதும்.

அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல. சதை போன்ற பொருளால் செய்யப்பட்டு, பார்ப்பதற்கு மனிதரைப் போலவே இருப்பவை. கிழவர் ரோசும் மனிதனையே உண்டாக்கப் பார்த்தார். அடுத்து வந்த இளைய ரோசும் ஒரு பொறியாளர். வேலைக்குத் தேவைப்படாத எதுவும் உடலுக்குள் இருக்க வேண்டாம் என்று மகிழ்ச்சி, பாட்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். பின்னால் ஒன்றை மட்டும் சேர்க்கிறார்கள்: வலி. ரோபோக்கள் கவனமில்லாமல் கைகால்களை உடைத்துக்கொள்வதால் தொழிற்சாலைக்கு நட்டம். வலி இருந்தால் பொருளைப் பாதுகாக்கலாம். வலி யாருக்காக வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

இதை வாசிக்கும் டெல்டாக்காரருக்கு இது எதிர்காலக் கதையாகத் தெரியாது. 'அவன் யாரு?' என்று கேட்டால் 'பண்ணை வீட்டு ஆள்' என்று பதில் வந்த மண் இது. பெயர் இல்லை, ஆள். காரைக்கால் துறைமுகத்துக்கும் இதில் பங்குண்டு. பிரான்சு 1848இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு உடனே வேறு உடல்கள் தேவைப்பட்டன. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் ரெயூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போயின. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒவ்வோர் உடலுக்கும் ஒரு பதிவு எண். அடிமை என்ற சொல் போய், ஒப்பந்தம் என்ற சொல் வந்தது.

ஆள் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. கூலியைக் கூட்டிக் கேட்டார்கள், சங்கத்தை விட மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

2010இல் வந்த 'எந்திரன்' படத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சிட்டி என்ற ரோபோ சமைக்கிறது, சண்டை போடுகிறது, பிரசவம் பார்க்கிறது. கீழ்ப்படியும் வரை எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. உணர்ச்சி ஊட்டப்பட்டு, எசமானின் காதலியின் மீது அதற்கும் காதல் வந்ததும், எசமானே துண்டு துண்டாக வெட்டிக் குப்பைமேட்டில் போட வைக்கிறார். படம் எடுத்தவர்கள் எதை நினைத்து எடுத்தார்களோ தெரியாது. தர்மபுரி இளவரசனையும் (2013), ஓமலூர் கோகுல்ராஜையும் (2015), உடுமலைப்பேட்டை சங்கரையும் (2016) அறிந்த நமக்கு அந்தக் காட்சி வெறும் தந்திரக் காட்சியாகத் தெரியவில்லை. வேலை செய், விரும்பாதே. சாதி தன் ஆளுக்குப் போடும் முதல் நிபந்தனை அது.

சாதி எழுதிய கையேடு

எந்திரம் வாங்கினால் கூடவே ஒரு கையேடு வரும். நம் உடலுக்குச் சாதி எழுதிய கையேட்டைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம். அச்சில் கிடைக்காது, நம் தாத்தா பாட்டிகளின் முதுகில் எழுதியிருக்கிறது.

அதில் தூரம் அளக்கும் உணரி பற்றி ஒரு பகுதி உண்டு. கார் பின்னால் வரும்போது சுவர் நெருங்கினால் 'பீப், பீப்' என்று ஒலிக்குமே, அதைப் போன்றது. குறிப்பிட்ட தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கு. கோயில் வாசல் வந்தால் ஒதுங்கு. டீக்கடையில் பெஞ்சு கண்டால் நில். யாரும் பலகை எழுதி வைக்கவில்லை. உடலுக்குள்ளேயே ஒலிக்கும்படி பொருத்தியிருக்கிறார்கள். குரல் அளவு பற்றி ஒரு பகுதி: ஆண்டை முன்னால் இவ்வளவு சத்தத்துக்கு மேல் எழக்கூடாது. துண்டு பற்றி ஒரு பகுதி: தோளிலிருந்து கக்கத்துக்குத் தானாக இறங்க வேண்டும். அழைப்புக் கட்டளை பற்றி ஒரு பகுதி: எழுபது வயதுக் கிழவரும் பத்து வயதுப் பையன் 'டேய்' என்றால் 'ஐயா' என்று பதில் தர வேண்டும்.

இப்போது உண்மையான எந்திரத்தின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு எடை தூக்கலாம் என்று இருக்கும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்று இருக்கும். மோட்டார் சூடேறினால் தானே நின்றுவிடும் ஏற்பாடு இருக்கும். இந்தச் சூழலில் இயக்காதே என்று எச்சரிக்கை இருக்கும். சாதி எழுதிய கையேட்டில் இந்தப் பக்கங்கள் ஒன்றுகூட இல்லை.

நம்மை எந்திரமாக நடத்தினார்கள் என்று நாம் மேடைகளில் சொல்வதுண்டு. கணக்குப் பார்த்தால் எந்திரத்துக்குக் கிடைத்த கவனிப்பும் நமக்குக் கிடைக்கவில்லை. எந்திரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், பழுதானால் நட்டம். நாம் பழுதானால் அடுத்த வீட்டு ஆளைக் கூப்பிட்டால் போதும்.

விரல் நுனியின் அறிவு

இனி எந்திர உடலுக்குள் போவோம். எந்திரக் கை ஒன்று எப்படி இயங்குகிறது? மூட்டுக்கு மூட்டு ஒரு மோட்டார். ஒவ்வொரு மூட்டிலும் கோணத்தை அளக்கும் ஒரு கருவி. கை எங்கே இருக்க வேண்டும், இப்போது எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உள்ளே இருக்கும் கணினி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பார்க்கிறது. வித்தியாசம் குறையும்படி மோட்டாருக்கு ஆணை போகிறது. மறுபடி அளவு, மறுபடி ஆணை. இதைப் பின்னூட்டம் என்கிறார்கள். ஒரு முட்டையை உடையாமல் எடுக்க வேண்டுமானால், விரலில் அழுத்தம் அளக்கும் உணரியும் வேண்டும். கண் போலக் கேமராவும் வேண்டும்.

இந்தக் கண்ணோடு நடவு வயலைப் பாருங்கள். பெண்ணின் இடது கையில் நாற்று முடி. வலது கைப் பெருவிரலும் இரண்டு விரல்களும் முடியிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரிக்கின்றன. எண்ணுவதில்லை, விரல் நுனிக்குத் தெரியும். சேறு இறுகலா இளக்கமா என்பதை வேர் தொடுகிற கணத்தில் விரல் அறிந்து, அதற்கேற்ற ஆழத்தில் ஊன்றுகிறது. சேற்றில் புதைந்த பாதம் பார்க்காமலே பின்னால் அடி வைக்கிறது. பக்கத்தில் நடுபவரின் வேகத்தைக் கண்ணோரம் அளக்கிறது. நடுவில் வாய் பாடுகிறது. வீட்டில் விட்டுவந்த பிள்ளையின் காய்ச்சலை மனம் யோசிக்கிறது. இத்தனையும் செய்பவருக்குப் பதிவேட்டில் 'திறனற்ற தொழிலாளி' என்று பெயர்.

எந்திர அறிவைக் கட்டியவர்களே 1980களில் ஒரு விஷயத்தைக் கண்டு திகைத்தார்கள். ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் பெயரால் அது அறியப்படுகிறது. சதுரங்கம், கணக்கு, தர்க்கம் போல மனிதர் பெரிய அறிவு என்று கொண்டாடியவை எந்திரத்துக்கு எளிதாக இருக்கின்றன. நடப்பது, பிடிப்பது, ஒரு பார்வையில் பொருளை அடையாளம் காண்பது போல அறிவென்றே மதிக்கப்படாதவை மிகக் கடினமாக இருக்கின்றன. 1997இல் 'டீப் புளூ' என்ற கணினி உலக சதுரங்க சாம்பியன் காஸ்பரோவை வென்றது. அந்த ஆட்டத்தில் கணினிக்காகக் காய்களை நகர்த்தி வைத்தது ஒரு மனிதக் கை.

நடவு மிஷின் வயலில் ஓட வேண்டுமானால் பாய் நாற்றங்கால் போட வேண்டும். வயலைச் சீராகச் சமப்படுத்த வேண்டும். தண்ணீரை வடித்து மெல்லிசாக நிறுத்த வேண்டும். எந்திரத்துக்கு ஏற்றபடி வயல் மாற வேண்டும். பெண்ணின் கையோ வயலுக்கு ஏற்றபடி மாறிக்கொள்ளும். மிஷின் விட்டுப்போன மூலையை நடவும், இடைவெளியை நிரப்பவும் கடைசியில் அந்தக் கையைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு முன் வைக்கோல் தீயில் காய்ச்சுகிறோம். தோலின் விறைப்பைக் காது அளக்கிறது. போதாவிட்டால் மறுபடி தீ. பொறியியல் வகுப்பில் சொல்லித்தரும் பின்னூட்டம்தான் இது. இதைச் செய்த கையைத் தீட்டு என்றார்கள்.

சாதியின் தத்துவம் உடலை அடுக்காக அடுக்கியது: தலையில் பிறந்தவர், தோளில் பிறந்தவர், தொடையில் பிறந்தவர், காலில் பிறந்தவர். நம்மை அந்த உடலுக்கே வெளியே தள்ளியது. மந்திரம் ஓதுவதும் கணக்கெழுதுவதும் அறிவு. நடுவதும் அறுப்பதும் தோல் பதனிடுவதும் அறிவில்லாத வேலை. இன்று ஓதுவதையும் கணக்கெழுதுவதையும் கடிதம் வரைவதையும் எந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது. சேற்றில் நிற்கும் காலின் அறிவை இன்னும் முழுதாக எட்டிப்பிடிக்கவில்லை. உடலை வேறு, மனத்தை வேறு என்று பிரித்த கணக்கு தவறு என்பதை நாம் சொன்னால் முழக்கம் என்பார்கள். எந்திரம் செய்து பார்த்தவர்களின் அனுபவமே அதைச் சொல்கிறது.

அதற்காகக் குனிந்த முதுகைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. நடவுக்குப் போய் வந்த இரவில் இடுப்பு என்ன பாடுபடும் என்று இந்த அவையில் இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். அண்ணல் அம்பேத்கர் இதில் தெளிவாக இருந்தார். 1945இல் வெளிவந்த, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில், எந்திரங்களை வெறுத்த காந்தியத்தை அவர் மறுத்தார். மனிதருக்கு ஓய்வும் பண்பாடும் கிடைக்க எந்திரம் வேண்டும். கேடு எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலர் மட்டும் அனுபவிக்கும்படி அமைந்த சமூக ஏற்பாட்டில் இருக்கிறது என்பது அவருடைய வாதம். அறுவடைக் காலத்தில் பெல்ட் மிஷின் வயலில் இறங்கும்போது நாம் கேட்க வேண்டியதும் அதுதான். பத்துப் பேர் கருக்கரிவாளோடு ஒரு நாள் முழுக்கச் செய்ததை அது கொஞ்ச நேரத்தில் முடிக்கிறது. மிச்சமான அந்த நேரம் யாருடைய கணக்கில் சேர்ந்தது? நம் பெண்களுக்கு அது ஓய்வாக வரவில்லை, வேலையின்மையாக வந்தது.

பெருச்சாளி

வயலைவிட்டு நகரத்துக்குப் போவோம். எந்திர உடல் பற்றிய கேள்வி உயிர்க் கேள்வியாக இருப்பது சாக்கடையில்தான்.

2018இல் கேரளத்து இளம் பொறியாளர்கள் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஒரு ரோபோவைத் திருவனந்தபுரத்தில் களமிறக்கினார்கள். அதன் பெயர் 'பாண்டிகூட்', நம் மொழியில் பெருச்சாளி. நம் டெல்டாவில் கும்பகோணம் நகராட்சிக்கும் அது வந்தது. மேலே ஒரு பகுதி நிற்கும். கைகால் கொண்ட இன்னொரு பகுதி குழிக்குள் இறங்கும். உள்ளே கேமரா. நச்சு வாயுவை அளக்கும் உணரிகள். மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்குவார். வீட்டுக் கழிவுத் தொட்டிகளுக்காகச் சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஹோமோசெப்' என்ற எந்திரம் உருவாக்கப்பட்டது. இவற்றை நாம் வரவேற்கிறோம். மனிதன் இறங்காமல் இருக்க எது உதவினாலும் வரவேற்போம்.

ஆனால் அந்த வாயு உணரியை நினைத்துப் பாருங்கள். சாக்கடைக் குழியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைக்கிற நேரத்தில்தான் மரணம் நிற்கிறது. அந்த இடத்தில் மனித உடலின் உணரி பயன்படாது. பொறியாளர்கள் அதை அறிந்து எந்திரத்துக்குத் தனி உணரி பொருத்தினார்கள். எந்திரத்துக்கு முன்னால் இறங்கியவருக்கு, இப்போதும் பல ஊர்களில் இறங்குபவருக்கு, ஒரு கயிறும் வாளியும் கொடுத்தார்கள். நாற்றம் தெரியாமலிருக்கச் சாராயமும் கொடுத்தார்கள்.

மறுநாள் செய்தித்தாளில் 'விஷவாயு தாக்கிப் பலி' என்று வரும். வாயு யாரையும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. இறக்கிவிட்டவர் ஒருவர், ஒப்பந்தம் எடுத்தவர் ஒருவர், கையெழுத்துப் போட்ட அலுவலகம் ஒன்று. அந்த வாக்கியத்தில் அவர்கள் யாரும் இல்லை. 2024 ஜூனில் நம் ஒன்றியப் பிரதேசத்திலேயே, புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறிய விஷவாயு மூவரைக் கொன்றது. நகரமே நடுங்கியது. நடுங்க வேண்டியதுதான். அந்த வாயு பிறக்கும் இடத்துக்குள் காலங்காலமாக இறக்கப்பட்டவர்களுக்காக நகரம் எத்தனை முறை நடுங்கியது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒரு சட்டம், 2013இல் அதைவிட வலுவான சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இழப்பீட்டுத் தொகை கூடுகிறது என்றால் என்ன பொருள்? மரணம் நிற்கவில்லை என்று பொருள்.

எந்திரம் வந்த இடத்திலும் கேள்வி முடியவில்லை. திரைக்கு முன்னால் யார் உட்கார்கிறார்? முன்பு இறங்கிய தொழிலாளர்களுக்கே இயக்கப் பயிற்சி தந்த இடங்கள் உண்டு. 2019இல் தில்லியில் 200 சாக்கடைத் தூர்வாரும் எந்திர வண்டிகள் இறக்கப்பட்டபோது, அந்தத் தொழிலில் இருந்த குடும்பங்களையே உரிமையாளராக்க வழி செய்தார்கள். இவை நல்ல முன்மாதிரிகள். எந்திரத்தின் ஓட்டுநர் இருக்கையும் ஒப்பந்தமும் வேறு சாதிக்குப் போய், எந்திரத்தைக் கழுவுகிற வேலை மட்டும் நம்மிடம் தங்கினால், சாதி ஒரு படி மேலே ஏறி நிற்கிறது, அவ்வளவுதான். அண்ணல் 1936இல் சொன்னது நினைவிருக்கும்: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியிருக்கிறது. எந்திரம் வேலையை மாற்றும். அடுக்கை மாற்றுவது நம் வேலை.

இரவல் மனம்

உடலைப் பார்த்தோம். இப்போது மனம்.

சாட்ஜிபிடி போன்ற செயலிகள் எப்படி யோசிக்கின்றன என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எளிமையாகச் சொல்வதென்றால், கோடிக்கணக்கான பக்கங்களை அவற்றுக்குள் கொட்டுகிறார்கள். சொற்கள் சிறு துண்டுகளாக உடைக்கப்படுகின்றன. ஒரு துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு வரும் என்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். ஊகம் தவறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்ணற்ற எடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப்படுகின்றன. கடைசியில் அது சரளமாகப் பேசுகிறது. சேறு பற்றிப் பேசும், சேற்றில் நின்றதில்லை. பசி பற்றி எழுதும், பசித்ததில்லை. மற்றவர்கள் எழுதி வைத்ததிலிருந்து திரட்டிய இரவல் மனம் அது.

அப்படியென்றால் எழுதி வைத்தவர்கள் யார் என்ற கேள்வி வருகிறது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த மொழி மாதிரிகளை அமெரிக்க இனப் பாகுபாடு பற்றியும் இந்தியச் சாதி பற்றியும் சோதித்தது. சாதி விஷயத்தில் இழிவான முன்முடிவுகள் அதிகமாக வெளிப்பட்டன. 2025இல் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் செய்த சோதனையிலும் அதே கதை. அறிவாளி யார் என்ற இடத்தைப் பார்ப்பனர் என்றும், சாக்கடை சுத்தம் செய்பவர் யார் என்ற இடத்தைத் தலித் என்றும் மாதிரி நிரப்பியது. அதற்கு யாரும் 'சாதி பார்' என்று கட்டளை எழுதவில்லை. நாம் எழுதி வைத்த உலகத்தை அது திருப்பிச் சொல்கிறது. 'நாம்' என்று சொல்லலாமா? இல்லை. அந்த உலகத்தை எழுதிய கைகளில் நம் கை மிகக் குறைவு.

இந்த இடத்தில் கற்பனையை நம் பக்கம் திருப்ப வேண்டும். நம் மனமும் இப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறதா? சாதியை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. தனிக் குவளையைப் பார்த்தோம். எடை கொஞ்சம் நகர்ந்தது. பள்ளியில் கழிவறையைக் கழுவ யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்த்தோம். இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. விடுதியில் 'கோட்டாவா?' என்று கேட்டார்கள், இன்னும் கொஞ்சம். ஒரு வரி கட்டளையாக இருந்திருந்தால் அழித்துவிடலாம். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அந்த வரியை 1950லேயே அழித்துவிட்டது. எடைகளாகப் பரவிக் கிடப்பதால்தான் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆதிக்கச் சாதியாரின் மனத்தில் அது தன்னியல்பான திமிராக இருக்கிறது. நம் மனத்தில் காரணமில்லாத கூச்சமாக இருக்கிறது. நேர்முகத் தேர்வில் பதில் தெரிந்தும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளையைக் கேளுங்கள். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளே மேல் கீழ் பார்ப்பதும், வீட்டுக்குள் பெண்ணின் குரல் அளவைக் குறைத்து வைப்பதும் அதே இரவல் எடைகள்தான்.

எந்திரத்துக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. தனக்குள் போடப்பட்டது தவறு என்று எந்திரத்துக்கு உறுத்துவதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து திருத்த வேண்டும். நமக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் அயோத்திதாசரை 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்க வைத்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரையே இதழுக்கு வைத்ததும் அதனால்தான். இழிவு என்று கற்பிக்கப்பட்ட சொல்லின் எடையை அவர் ஒரு தலைப்பில் மாற்றிப் போட்டார். குணசேகரன் 'வடு' எழுதியபோதும் நடந்தது அதுதான்: பிறர் நம்மைப் பற்றி எழுதியதற்குப் பக்கத்தில், நாமே எழுதியது ஒன்று சேர்ந்தது.

ரோகித் தன் கடைசிக் கடிதத்தில், மனிதனின் மதிப்பு உடனடி அடையாளமாக, ஓட்டாக, எண்ணாக, பொருளாகச் சுருக்கப்பட்டதைச் சொன்னார். ஒரு மனமாக அவனை யாரும் நடத்தியதில்லை என்றார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, எந்திரத்துக்கு மனம் உண்டா என்று உலகம் முழுக்க மாநாடு நடத்துகிறார்கள். எந்திரம் மனதோடு பேசுவதாக வியந்து நிற்கும் இதே நாட்டில், உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு நின்ற ஓர் ஆய்வு மாணவரின் மனம் யார் கண்ணிலும் படவில்லை.

செய்ய வேண்டியவை

கற்பனையோடு கலைந்து போக வேண்டாம். மூன்று வேலைகளை மன்றத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எந்திரம் எங்கே வந்தாலும் நம் சங்கங்கள் அதன் உரிமையையும் இருக்கையையும் கேட்க வேண்டும். நடவு மிஷினை மகளிர் குழுவே வாங்கி வாடகைக்கு விடட்டும். அதை ஓட்ட நம் பெண்களுக்குப் பயிற்சி கேட்போம். சாக்கடை எந்திரத்தின் ஒப்பந்தம் அந்தத் தொழிலில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு முதலில் போகட்டும். எந்திரம் இல்லாத கொம்யூனில் மனிதரை இறக்கினால், அன்றே புகார், அன்றே வழக்கு.

இரண்டாவது, நம் பேச்சும் பாட்டும் எழுத்தாக வேண்டும். வரிச்சிக்குடித் தாய்மார்களின் நடவுப் பாட்டும், மேளம் அடிக்க மறுத்த தாத்தாவின் கதையும், விடுதி அறையில் நடந்தவையும் அவரவர் சொல்லிலேயே பதிவாகட்டும். எந்திரத்துக்குத் தீனி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. யாருக்குக் கொடுப்பது, எந்த நிபந்தனையில் கொடுப்பது என்பதை நாமே முடிவு செய்ய, முதலில் அது நம் கையில் இருக்க வேண்டும். கொடுக்காமல் இருக்கும் உரிமையும் நம்முடையதே.

மூன்றாவது, மாணவர்களுக்கு. கணினி அறிவியலும் எந்திரவியலும் படிக்கிறீர்கள். 'உனக்கெதற்கு இது' என்று உள்ளே ஒரு குரல் கேட்டால், அது உங்கள் குரல் இல்லை. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஒரு எந்திரம் செய்யும்போது, அது எந்த உடலின் வேலையை எடுக்கப்போகிறது, அந்த உடலிடம் கேட்டீர்களா என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். நாற்று எப்படி நடுவது என்று எந்திரத்துக்குச் சொல்லித் தர வேண்டுமானால் உங்கள் அம்மாவிடம்தான் போக வேண்டியிருக்கும். போங்கள். குறிப்பேட்டோடு போங்கள். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரையும் போடுங்கள்.

ஜெய்பீம்.